லோரித் தட்டிலிருந்து விழுவதும் வேலை விபத்துதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் இவ்வூரிலிருந்து, சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்கு உரமும் இரும்புக் குழாய்களும் ஏற்றிச் செல்லும், பக்கத் தடுப்பில்லாத திறந்த லோரியை 19 ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். லோரி ஓட்டுநருக்கு ஆபத்து சாலையில்தான் என்பார்கள். எனக்கோ லோரி நின்றிருந்தபோதுதான் கால் முறிந்தது.

மழை விட்ட நேரம். உர மூட்டைகள்மீது கென்வாஸை விரித்து, தட்டின் ஓரத்தில் நின்று, உடலைப் பின்னுக்குச் சாய்த்துக் கயிற்றை இழுத்தேன். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய உர மணிகள் காலடியில் உருள, கொக்கியருகே இற்றுப்போயிருந்த கயிறு அறுந்தது. தட்டு என் நெஞ்சளவு உயரந்தான். ஆனால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து தரையைத் தொட அரை விநாடி போதும். வலது குதிகால் எலும்பு நொறுங்கி ஐந்து மாதம் வீட்டில் கிடந்தேன். அப்போதைய முதலாளியோ வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதித் தரச் சொன்னார். லோரியில் உடன் வரும் உதவியாளரான கெலிண்டான் சாட்சி சொன்ன பிறகே, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பணம் கிடைத்தது. வேலை விபத்தை முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாய் என்று அது கேட்பதில்லை.

அதன்பின் கயிற்றைத் தரையில் நின்றுதான் இழுக்கிறேன். கென்வாஸ் விரிக்கும்போது பின்னோக்கி நடப்பதில்லை. கேபினிலிருந்து இறங்கும்போது முகம் கேபினைப் பார்த்திருக்க, இரு கைகளும் ஒரு காலும், அல்லது இரு கால்களும் ஒரு கையும் எப்போதும் பிடிமானத்தில் இருக்கும். சப்பாத்தில் ஒட்டிய செம்மண்ணைச் சுரண்டாமல் படியில் கால் வைப்பதில்லை. சிலிப்பர் போட்டுக்கொண்டு குதித்து இறங்கும் இளைஞர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. அவர்கள் முட்டி இன்னும் நன்றாக இருக்கிறது.

ஆனால் ஓட்டுநரின் கவனம் மட்டும் போதாது. கென்வாஸ் போடாத லோரியை நான் போகும் கிடங்குகள் வெளியே விடுவதில்லை. அதைப் போடுவதற்கு நின்றுகொள்ள ஓர் இடமும் தருவதில்லை. மூட்டை அடுக்கின்மேல் ஏறினால் தரை மூன்று மீட்டருக்குக் கீழே இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 1.6.2024 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்தைச் சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால் தொழிலாளி விலகிக்கொள்ளலாம் என்கிறது அது. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் எப்படி விலகுவார் என்பது வேறு கதை.

எனவே, கிடங்கு வைத்திருக்கும் தோட்ட நிர்வாகங்கள், லோரி பக்கவாட்டில் வந்து நிற்கும்படி கைப்பிடி வைத்த ஒரு மேடையைக் கட்டித் தரவேண்டும் என்றும், லோரி முதலாளிகள் தட்டின் பின்புறத்தில் படியும் பிடிகம்பியும் பற்றவைத்துத் தரவேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லோரி ஓட்டுநர்,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்