என்னைத் தூக்காதவர்களுக்கும் திருப்பிப் படுக்கவைத்தவர்களுக்கும் நன்றி

முதல் நன்றி, நான் விழுந்து முதுகெலும்பு உடைந்த அன்று கட்டட வேலையில் கூட இருந்த அண்ணன்மாருக்கு. சாரத்திலிருந்து விழுந்தவனைக் கை காலைப் பிடித்துத் தூக்கிக் கிடைத்த வண்டியில் போட்டுக்கொண்டு ஓடத்தான் யாருக்கும் தோன்றும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. ஒருவர் என் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "பேசிக்கிட்டே இரு தம்பி, தலையை மட்டும் ஆட்டாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கழுத்துக்குக் காலர் மாட்டி, உடம்பை மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒரே வாக்கில் உருட்டிப் பலகையில் ஏற்றும்வரை கையை எடுக்கவே இல்லை. முதுகெலும்பு உடைந்தவரைக் கண்டபடி தூக்கினால் அதற்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடம் இன்னும் நசுங்கிவிடலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அந்த டாக்டருக்கும் நன்றி. ஸ்க்ரூ, ராடு வைத்து எலும்பை நிறுத்தலாம், சிதைந்த தண்டுவடத்தை மறுபடி வளரவைக்க இன்னும் சிகிச்சை இல்லை என்பதை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னீர்கள். அதனால்தான் நாங்கள் கடன் வாங்கிக்கொண்டு அற்புத வைத்தியம் தேடி அலையவில்லை.

நர்ஸ் அக்காமாரே, உங்களுக்கு எப்படிச் சொல்வது? ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைத் திருப்பிப் படுக்கவைத்து, குதிகாலிலும் வால் எலும்புப் பக்கமும் டார்ச் அடித்து, சிவந்த இடத்தை விரலால் அழுத்தி, சிவப்பு மறைகிறதா என்று பார்ப்பீர்கள். எனக்கோ அங்கே உணர்வே இல்லை, புண் வந்தாலும் தெரியாது. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவைத் தொடங்குவதற்கு முன்பு, என்னைப்போல அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும்தான் செத்துப்போனார்கள். உயிரைக் காப்பாற்றுவது இந்தத் தினசரி வேலைதான், ஆனால் பாராட்டு என்னவோ ஆபரேஷனுக்கே போகிறது.

அப்புறம், சக்கர நாற்காலியில் வார்டுக்கு வந்து என்னைப் பார்த்த அண்ணனுக்கு. மூத்திரத்தை வெளியேற்றும் குழாயான கதீட்டரை நானே போட்டு எடுக்கவும், புண் வராமலிருக்க உட்கார்ந்திருக்கும்போது அவ்வப்போது கையை ஊன்றி இடுப்பைத் தூக்கவும் பழக்கிவிட்டீர்கள். நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவனுக்கு மண்டை பிளக்கிற வலியும் முகமெல்லாம் வியர்வையும் திடீரென்று வந்தால், உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும், ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும் என்றும் சொன்னீர்கள். எனக்கு அப்படி வந்தபோது என் தங்கை பதறாமல் அதைத்தான் செய்தாள்.

வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பியைப் பார்க்க இந்த வாரம் நானும் வருகிறேன் அண்ணா. கதீட்டர் பழக்குவதை என்னிடம் விடுங்கள்.