கன்னியாவைப் பற்றி ஒரு கடிதம்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோ குறைந்தது என்று கேட்டதில் சந்தோசம். இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது, மத்தியானத்தில் முற்றத்தில் கால் வைக்க முடியாது.

விக்கிப்பீடியா மாதிரியான இணையக் களஞ்சியங்கள் எல்லாம் எங்களுக்கு எதிராக எழுதப்பட்டவை, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதே என்று எழுதியிருந்தாய். உன் கோபம் விளங்குகிறது. ஆனால் நீ சொல்லும் வழி சரியென்று எனக்குப் படவில்லை.

போன மாதம் பேத்திக்குக் கன்னியா வெந்நீரூற்று பற்றி ஒப்படை கொடுத்திருந்தார்கள். இணையத்திலிருந்து இரண்டு கட்டுரைகளை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். தமிழில் இருந்தது, இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக ஏழு கிணறுகளை உண்டாக்கினான் என்ற கதையை நடந்த வரலாறாகவே எழுதி, ஆண்டுக்கணக்கும் போட்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது, அங்கே இருந்த பழைய பௌத்த விகாரையைப் பற்றியே முழுக்கப் பேசியது. செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாளில் செய்கிற அந்தியேட்டிக்கு அங்கே போகிற தமிழ்ச் சனங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. உன் அப்பாவின் முப்பத்தொன்றுக்கு அந்தக் குட்டிக் கிணறுகளில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றோமே, ஒன்றில் இளஞ்சூடு, பக்கத்திலேயே மற்றதில் அதைவிடச் சூடு என்று நீகூட அதிசயப்பட்டாய். அந்தக் கட்டுரையை வாசிக்கிறவனுக்கு நாங்கள் அங்கே போனதே இல்லை.

பேத்தி கேட்டது வேறு கேள்வி. "தண்ணி ஏன் தாத்தா சுடுது?" இரண்டு கட்டுரையிலும் பதில் இல்லை! எரிமலை இல்லாத நாடு இது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் வெகு ஆழம் இறங்கி, அங்கேயுள்ள சூட்டை வாங்கிக்கொண்டு திரும்ப மேலே வருகிறது. மகாஓயாவிலும் மகாபெலஸ்ஸவிலும் உள்ள ஊற்றுகளும் அப்படித்தான். கிணறு யாருடையது என்று அடிபடுகிற அவசரத்தில் இரண்டு பேருமே விஞ்ஞானத்தை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய மனவருத்தம்.

எங்கள் ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை, மச்சான். மடகஸ்காரிலும் இந்தியாவிலும் லெமூர் இன விலங்குகளின் தடயம் எப்படி வந்தது என்பதை விளக்கத்தான் 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூரியா என்றொரு நிலப்பரப்பை ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு விஞ்ஞானிகள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். நாங்கள் இன்னும் அதற்குக் குமரிக்கண்டம் என்று வரைபடம் போட்டு, அறிவியல் முத்திரையும் குத்திப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். அதையும் பக்கச்சார்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

சித்த வைத்தியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் "போலி அறிவியல்" என்று எழுதியிருப்பது, இங்கே கோணேசபுரி கம்பஸில் அதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு நெஞ்சில் குத்துகிறது. ஒரு மருந்து நோயைத் தீர்க்கும் என்றால் பரிசோதித்துக் காட்டு என்று கேட்பது நியாயம். ரசமும் ஈயமும் சேர்கிற மருந்துகளில் அதைக் கட்டாயம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஏட்டுச்சுவடிகள், பரம்பரை வைத்தியர்கள், மூலிகை அறிவு என்று ஒரு பெரிய பண்பாடு இருக்கிறது. அந்த ஒற்றை முத்திரைக்குக் கீழே அதையும் போட்டு மூடுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நீ சொல்வதுபோல ஒதுங்கினால் என்ன நடக்கும் என்பதற்குக் குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவைப் பார். ஒரு சிறு வலதுசாரிக் கூட்டம் நிர்வாகப் பொறுப்புகளைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போர்க் கொடுமைகளைக்கூடக் குறைத்துக்காட்டிப் பல வருடம் எழுதியது. எதிர்த்துக் கேட்டவர்களை ஓரங்கட்டினார்கள். விக்கிப்பீடியாவை நடத்துகிற விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆய்வறிக்கை இதையெல்லாம் உறுதிப்படுத்தியது 2021இல்தான். எழுதுகிறவர்கள் கொஞ்சப் பேராக இருக்கிற எந்த மொழிக்கும் இது வரலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கும்தான்.

அப்புறம் இன்னொரு விசயம். விக்கிப்பீடியாவில் ஆதாரம் இல்லாத வரியை யாரும் கேள்வி கேட்டு நீக்கிவிடலாம். அச்சில் வந்த நூல், ஆய்வு, பத்திரிகை என்று ஏதாவது காட்ட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்துபோன சனம், எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? கையில் கடதாசி உள்ளவன் சொல்வது வரலாறு, இல்லாதவன் சொல்வது வாய்க்கதை என்று ஆகிவிடுகிறது. யாரும் பொய் எழுத வேண்டியதே இல்லை, கட்டுரை தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். 2005இலிருந்து நூலகம் திட்டக்காரர் ஈழத்து நூல்களையும் மலர்களையும் மின்வடிவில் சேர்ப்பதை நான் பெரிய காரியமாக நினைப்பது இதனால்தான்.

உன் அப்பா சேர்த்து வைத்த கோயில் கும்பாபிஷேக மலர்களும் சங்கங்களின் ஆண்டு அறிக்கைகளும் ஒரு தகரப்பெட்டியில் உன்னோடு போனது ஞாபகம் இருக்கிறது. கன்னியாவில் அந்தியேட்டி செய்த குறிப்புகள் அவற்றில் நிச்சயம் இருக்கும். கரையான் பிடிக்க முதல் உன் மகனிடம் சொல்லி ஸ்கான் பண்ணி அனுப்பு. அட்டை, பின்னட்டை, அச்சக முகவரி எதையும் விடாதே. ஆண்டு போடாத மலர் என்றால் எந்தக் கோயில், எந்தத் திருவிழா என்று உனக்குத் தெரிந்ததைத் தனித்தாளில் எழுதி வை. இங்கே நூலகம் திட்டக்காரருக்குக் கொடுக்கும் வேலையை நான் பார்க்கிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்