அம்மாவின்ர கிளினிக் மட்டை

வட்டக்கச்சி,
24.10.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறன். இஞ்ச எல்லாரும் சுகம். கந்தசட்டி விரதம் நடக்குது. புழுதி விதைச்சு ஒரு கிழமையில மழை கிடைச்சிட்டுது, முளை நல்லா வந்திருக்கு. உங்க இங்கிலாந்தில நீயும் மருமகனும் சுகமா இருக்க முருகன் துணை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில நான் சொன்ன மறுமொழி பிழை பிள்ளை. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். போனில கதைக்க வெளிக்கிட்டால் எனக்குத் தொண்டை அடைக்கும், சொல்ல வேண்டியதில பாதியை விட்டிடுவன். எழுதினால் ஒண்டும் விடுபடாது.

"அப்பா, இஞ்ச மிட்வைவ் ஃப்ளூ ஊசி போடச் சொல்லுறா. வயித்தில பிள்ளையோட போடலாமோ?" எண்டு கேட்டாய். நான் ஒரு நிமிசம் கூட யோசிக்கேல்லை. "வேண்டாம் பிள்ளை, தேவையில்லாத ஊசி ஒண்டும் போடாத" எண்டிட்டன். நீயும் "சரியப்பா" எண்டு போனை வைச்சிட்டாய். அந்தச் "சரியப்பா" அண்டைக்கு இரவு முழுக்க என்னை நித்திரை கொள்ள விடேல்லை. அம்மாட்டக் கேக்க வேண்டியதை, அவ இல்லாதபடியால என்னட்டக் கேட்டிருக்கிறாய். அவ என்ன சொல்லியிருப்பா எண்டு நினைச்சுப் பாக்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னது என்ர குற்றம்.

எழும்பி தகரப்பெட்டியைத் திறந்தன். காணி உறுதி, உன்ர பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அதுகளுக்குக் கீழ அம்மாவின்ர கிளினிக் மட்டை. எத்தினை இடம் பெயர்ந்தும் இந்த மூண்டையும் சொப்பிங் பையில சுத்தி இடுப்பில கட்டிக்கொண்டு வந்தனான். 2009 கடைசிச் சண்டையில, மாத்தளனில அம்மாவைப் பறிகுடுத்திட்டு உன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வெளிக்கிட்ட நாளிலையும் அந்தப் பை இடுப்பில இருந்தது. மட்டை மடிப்பில ரெண்டாக் கிழிஞ்சு போச்சு, சேறு பட்ட கறை இன்னும் போகேல்லை. ஆனால் நீல மையில எழுதினது வடிவாத் தெரியுது. ஏற்பு ஊசி, அதுதான் டெட்டனஸ் ஊசி, எண்ட இடத்தில ரெண்டு திகதி: 18.11.1996, 06.01.1997. கடைசியில உன்ர பிறப்பு நிறை, 2.1 கிலோ.

அந்த ரெண்டு திகதியின்ர கதை உனக்குத் தெரியாது. 1996 ஆடியில சண்டை துடங்கி, கிளிநொச்சியை விட்டு ஓடி, அக்கராயன் போய், கடைசியா ஸ்கந்தபுரத்தில கொட்டில் போட்டு இருந்தம். பொருளாதாரத் தடை. பனடோல் ஒரு காட் கிடைச்சால் பெரிய விசயம். அந்த நேரத்திலும் ஒரு மருத்துவமாது சைக்கிளில ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மரத்துக்குக் கீழ கிளினிக் நடத்தினவ. அம்மாவுக்கு ஊசி எண்டால் சரியான பயம். கையை இழுத்திட்டா. அந்த மனிசி கோவிக்கேல்லை. "இது உமக்கில்லை, உம்மட பிள்ளைக்கு. கொட்டிலுக்குள்ள பிறந்தாலும் அதின்ர கொப்பூழில ஏற்பு பிடிக்காது" எண்டு சொன்னவ. அம்மா அப்பிடியே கையை நீட்டினவ. வீட்ட வரேக்க என்னட்ட, "என்ர கையில குத்தினால் பிள்ளைக்கு எப்பிடிப் போகும்?" எண்டு கேட்டா. எனக்கு மறுமொழி தெரியேல்லை. இப்பதான் தெரியும். ஊசிக்குத் தாயின்ர உடம்பு எதிர்ப்புச் சத்தை உண்டாக்க, அது நஞ்சுக்கொடி வழியாப் பிள்ளைக்குப் போகுது. பிறந்த பிறகும் கொஞ்ச மாதம் பிள்ளையின்ர உடம்பில நிண்டு காக்குது. ஏற்புக்கும் அதே வழிதான், நீ கேட்ட ஊசிக்கும் அதே வழிதான்.

அந்தத் தையிலதான் அம்மாவுக்கு மலேரியா வந்தது. நீ அப்ப வயித்தில ஆறு மாதம், இப்ப உன்ர பிள்ளை இருக்கிற மாதிரி. மூண்டு சாக்கு மூடியும் குளிர் விடேல்லை. பல்லு அடிக்கிற சத்தம் கொட்டிலுக்கு வெளியில கேட்டுது. சைக்கிள் கரியரில இருத்தி, அவவின்ர ரெண்டு கையையும் என்ர இடுப்பைச் சுத்திச் சாரத்தால கட்டி, மழைச் சேத்துக்குள்ள உருட்டிக்கொண்டு போனன். வழியில, "பிள்ளை துடிக்கேல்லையப்பா" எண்டா. அதுக்குப் பிறகு நான் வழியைப் பாக்கேல்லை. விரல் நுனியில ரத்தம் குத்திப் பாத்து குளோரோகுயின் குடுத்தாங்கள். மூண்டாம் நாள் காய்ச்சல் விட்டுது, நீயும் துடிச்சாய். ஆனால் 2.1 கிலோவாத்தான் பிறந்தாய். கர்ப்பத்தில மலேரியா வந்தால் பிள்ளை நிறை குறைஞ்சு பிறக்கும் எண்டு பிறகுதான் சொன்னவை.

மலேரியாவுக்கு அப்ப ஊசி இல்லை. இருந்திருந்தால் அம்மா விடிய முதல் வரிசையில நிண்டிருப்பா. இப்ப எங்கட நாட்டிலயே மலேரியா இல்லை. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில ஒருதருக்கும் தொத்தேல்லை எண்டு 2016 இல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் குடுத்தது. நீ கேட்ட ஃப்ளூக் காய்ச்சலுக்கு ஊசி இருக்கு, அதுவும் காசில்லாமல் இருக்கு, நான் அதை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்.

மட்டையைப் பாத்த பிறகு வீட்டில இருக்க ஏலேல்லை. புதன்கிழமை கிளினிக்குக்குப் போனன். திரிபோசாச் சத்துமாப் பையோட நிண்ட பிள்ளைத்தாச்சிப் பெண்டுகளுக்கு நடுவில நான் ஒருத்தன்தான் ஆம்பிளை. மிட்வைவ் பிள்ளையிட்ட விசயத்தைச் சொல்ல, அவ டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனா. இஞ்ச கிளினிக்கில வழமையாப் போடுறது ஏற்பு ஊசிதான், ஆனால் அவைக்கு இந்த ஊசியைப் பற்றியும் நல்லாத் தெரியும். கேட்டதை உனக்கு அப்பிடியே சொல்லுறன்.

முதல் விசயம், ஃப்ளூவும் தடிமனும் ஒண்டில்லை. நான் தடிமனை நினைச்சுத்தான் வேண்டாம் எண்டனான். தடிமன் மூக்கோட போகும். இன்புளுவென்சா நெஞ்சுக்குள்ள இறங்கும், நியூமோனியாவாக்கும். பிள்ளை வளர வளரச் சுவாசப்பைக்கு இடம் குறையுது, இருதயம் ரெண்டு பேருக்கு ரத்தம் இறைக்குது, உடம்பின்ர எதிர்ப்பும் மாறுது. அதால மற்றப் பெண்களுக்கு ஒரு கிழமைக் காய்ச்சலாப் போறது கர்ப்பவதியை ஆஸ்பத்திரியில படுக்க வைக்கும். பிள்ளை மாதம் முந்திப் பிறக்கவும் கூடும். 2009 எண்டால் எங்களுக்கு வேற நினைவு. அதே வருசம்தான் உலகம் முழுக்கப் பன்றிக்காய்ச்சல் எண்டு ஒரு புது இன்புளுவென்சா பரவினது. கர்ப்பவதியள் மற்றவையை விடக் கடுமையா வருத்தம் வந்து கிடந்தவை, செத்தும் போனவை. அதுக்குப் பிறகு 2010 இல இருந்துதான் உங்கட நாட்டில எல்லாக் கர்ப்பவதியளுக்கும் இந்த ஊசியைக் குடுக்கினம். 2012 இல உலக சுகாதார நிறுவனமும் முதலிடம் கர்ப்பவதிக்கு எண்டு சொல்லிப்போட்டுது.

ரெண்டாவது, உன்ர பிள்ளைக்கு நாள் மாசியில. அந்தக் குளிரில, ஃப்ளூ இன்னும் ஊருக்குள்ள நிக்கேக்க பிறக்கப்போகுது. ஆறு மாதம் முடியாத பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி போட ஏலாது. அதுவரைக்கும் அதுக்கு இருக்கிறது நீ குடுக்கிறது மட்டும்தான். டொக்டர் ஒரு ஆய்வைச் சொன்னார். வங்காளதேசத்தில, எங்களைப் போல சோறும் மீனும் சாப்பிடுற சனம், 340 தாய்மார். அரைவாசிப் பேருக்குக் கர்ப்பத்தில ஃப்ளூ ஊசி, மற்றவைக்கு வேற ஊசி. ஊசி போட்ட தாய்மாரின்ர பிள்ளையளுக்கு முதல் ஆறு மாதத்தில இன்புளுவென்சா 63 சதவீதம் குறைவு. 2008 இல வெளியான ஆய்வு. நூற்றுக்கு நூறு எண்டு அவர் சொல்லேல்லை. கிருமி வருசா வருசம் உருமாறுது. மாசியில கூடி, வரப்போற குளிருக்கு எந்த வகை வரும் எண்டு கணிச்சுத்தான் ஊசி செய்யினம். சில வருசம் நல்லாப் பொருந்தும், சில வருசம் குறைவு. போன போகம் நோய் தாங்கின நெல்லு இந்தப் போகம் தாங்காமல் விடுறதில்லையோ, அப்பிடித்தான். அதுக்காக விதைக்காமல் விடுறமோ? ஊசி போட்டும் ஃப்ளூ வந்தால், பெரும்பாலும் அவ்வளவு கடுமையா வராதாம்.

உனக்கு வட்சப்பில வந்த குரல் பதிவை நீ எனக்கும் அனுப்பினனி. கேட்டன். கரு கலையும், பிள்ளை குறையோட பிறக்கும் எண்டு அந்த மனிசி அழுதழுது சொல்லுது. அவ பொய் சொல்லுறா எண்டு நான் சொல்லேல்லை, பயந்திருக்கிறா. டொக்டரிட்டப் போட்டுக் காட்டினன். கர்ப்பவதிக்குப் போடுறது செத்த கிருமியில செய்த ஊசி, அதால ஃப்ளூ வர ஏலாது எண்டார். உயிர்க் கிருமி இருக்கிறது சின்னப் பிள்ளையளுக்கு மூக்கில அடிக்கிற மருந்தில; அதைக் கர்ப்பவதிக்குக் குடுக்கிறதில்லை. லட்சக்கணக்கான தாய்மார் போட்டிருக்கினம், பல வருசமாப் பாத்துக்கொண்டு வருகினம், கருச்சிதைவோ குறைபாடோ கூடினதாத் தெரியேல்லை. எந்த மாதத்திலும் போடலாம். கை நோகும், ஒரு நாள் ரெண்டு நாள் உடம்பு அலுப்பா இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் காய்ச்சலும் காயும். அப்பிடிக் காய்ஞ்சால் பனடோல் போடு, உங்க அதைப் பரசிற்றமோல் எண்டுதான் சொல்லுவினம். வேற நோமாத்திரை ஒண்டும் கேளாமல் போடாத.

முந்தி ஏதாவது ஊசிக்கு மூச்சு முட்டி, முகம் வீங்கின ஆக்கள் மட்டும் முதலே சொல்லவேணுமாம். உனக்கு அப்பிடி ஒண்டும் வரேல்லை, எல்லா ஊசிக்கும் உன்னைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். முட்டை ஒத்துக்கொள்ளாத ஆக்களும் சொல்லவேணும் எண்டார். நீ முட்டைக்கோப்பி குடிச்சு வளர்ந்தனி.

குக்கல் இருமலுக்கு ஒண்டு போட்டாச்சு, இருபத்தெட்டாம் கிழமையில இன்னொண்டு எண்டு சொல்லுகினம், இதையும் சேத்து எத்தினை ஊசியப்பா எண்டு அலுத்தாய். அலுப்பு எனக்கு விளங்குது. ஒவ்வொண்டும் ஒவ்வொரு வருத்தத்துக்கு. பிந்தி வாறது பிந்தி வரட்டும், ஃப்ளூவைப் பிற்போடாத. போட்டு ரெண்டு கிழமை போனால்தான் காப்பு வரும். கார்த்திகையில உங்க வருத்தம் கூடத் துடங்கிவிடும்.

உன்ர மாமி வேண்டாம் எண்டு நிக்கிறா எண்டு சொன்னாய். அவவோட வாதாடாத பிள்ளை. அவ தன்ர பேரப்பிள்ளையை நினைச்சுத்தான் சொல்லுறா, நானும் அப்பிடித்தான் சொன்னனான். இந்தக் கடிதத்தை அவவுக்கு வாசிச்சுக் காட்டு. சம்மந்தி தான் சொன்னது பிழை எண்டு எழுதியிருக்கிறார் எண்டு சொல்லு. மருமகனையும் ஊசி போடச் சொல்லு, வெளியில வேலைக்குப் போய் வாறது அவர்தானே.

கடைசி முடிவு உன்னுடையது. உன்ர உடம்பு, உன்ர பிள்ளை. ஆனால் என்னட்டக் கேட்டாய், இப்ப சரியான மறுமொழி சொல்லுறன்: போடு. அம்மா இருந்தால் அவவும் இதைத்தான் சொல்லியிருப்பா.

போட முதலோ பிறகோ காய்ச்சலும் உடம்பு உளைவும் இருமலும் சேந்து வந்தால், கசாயம் குடிச்சுக்கொண்டு படுத்துக் கிடக்காத. அண்டைக்கே டொக்டருக்குப் போன் எடு. அதுக்கு மருந்து இருக்கு, ரெண்டு நாளைக்குள்ள துடங்கினால்தான் நல்லாக் கேக்குமாம். மூச்சு வாங்கினாலோ பிள்ளை துடிக்கிறது குறைஞ்சாலோ ஒருதரையும் கேட்டுக்கொண்டு நிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. உன்ர அம்மா சைக்கிளில சொன்னதை நான் இன்னும் மறக்கேல்லை.

பெரியம்மாவின்ர மகன் அடுத்த மாதம் உங்க வாறான். பேத்துக்குப் பிறகு குடிக்கச் சரக்குத்தூள் இடிச்சு, வறுத்து, ரெண்டு பைக்குள்ள போட்டுக் குடுத்து விடுறன். புழுக்கொடியலும் கொஞ்சம் இருக்கு. அவன் வரும்வரை கடிதம் பிந்தக் கூடாது எண்டு, இதையும் அம்மாவின்ர மட்டையையும் படம் எடுத்து இண்டைக்கே வட்சப்பில அனுப்பச் சொல்லியிருக்கிறன். மட்டையில ரெண்டாம் பக்கத்தைப் பெருப்பிச்சுப் பார். திகதிக்குப் பக்கத்தில அந்த மருத்துவமாதுவின்ர கையெழுத்து இருக்கு, மழைத்துளி பட்டு மை கொஞ்சம் பரந்து போய்.

நான் இண்டைக்கு வயலுக்குப் போகேல்லை. போன் கையிலதான் இருக்கு. உனக்கு எந்த நேரம் வசதியோ அந்த நேரம் எடு, நடுச்சாமம் எண்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா