சயாமுக்குப் போனவர்கள்

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளையின் தாத்தாவுடைய ராணுவக் கோப்பைப் படித்து முடித்துவிட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் போன ஆஸ்திரேலியர்களின் கோப்புகளை கான்பெராவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் பத்திரமாக வைத்திருக்கிறது. சம்பந்தியம்மாவிடம் தாத்தாவின் பழைய சம்பளப் புத்தகம் இருந்தது. அதில் விஎக்ஸ் என்று ஆரம்பிக்கும் படை எண்ணைக் கொண்டு தேடினோம்.

தாத்தா ஆஸ்திரேலியப் படையில் 2/29-வது பட்டாலியன். 1942 ஜனவரியில் அந்தப் பட்டாலியன் ஜப்பானியரோடு சண்டை போட்டது எங்கே தெரியுமா? மலாயாவில், மூவார் பக்கத்தில், பக்ரியில். உன் பாட்டி பிறந்த தோட்டம் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை.

பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்கப்புறம் கோப்பில் ‘காணவில்லை’ என்று ஒரு பதிவு. 1943-ல் ‘போர்க் கைதி’ என்று ஒரு பதிவு. அடுத்தது 1945 செப்டம்பரில், மீட்கப்பட்டார் என்று. நடுவில் எதுவுமே இல்லை. அந்த நடுவை வீட்டுக் காகிதங்களில்தான் தேட வேண்டியிருந்தது.

சம்பந்தியம்மா குடும்ப பைபிளுக்குள் ஓர் அட்டை வைத்திருக்கிறார். 1942-ல் சிங்கப்பூர் சாங்கி கைதி முகாமிலிருந்து தாத்தா தன் அம்மாவுக்கு எழுதியது. நாலைந்து வரிக்கு மேல் எழுத விடவில்லை போலிருக்கிறது. பென்சிலில், ஒவ்வோர் எழுத்தாகத் தனித்தனியே எழுதியிருக்கிறார்: சுகமாக இருக்கிறேன், கவலைப்படாதே அம்மா. அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது 1943 நடுவில். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அந்தத் தாய் தெருவெல்லாம் காட்டினாராம். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையோ சயாம் (இன்றைய தாய்லாந்து) காட்டில், காலரா முகாமில் கிடந்தார்.

இது அவர் விடுதலையானபின் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் தெரிகிறது. ‘எஃப் படை’யில் போனதாக எழுதியிருக்கிறார். சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஜப்பானியர் 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய 7,000 கைதிகள் அவர்கள். பாதிக்கு மேல் ஆஸ்திரேலியர். சயாமில் பான் போங் வரை மூடிய சரக்கு வண்டியில் அடைத்துக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பர்மா எல்லைப் பக்கம் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், ராத்திரி ராத்திரியாக நடை, போகப் போக அடைமழை. காலரா, பேதி, பெரிபெரி, எலும்பு தெரியும் அளவுக்குக் காலில் புண். 3,000 பேருக்கு மேல் திரும்பவில்லை.

அதே கடிதத்தில் ஓரிடத்தில், பக்கத்து முகாமில் தமிழர்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்கள், தங்களுக்காவது கூடவே டாக்டர்கள் இருந்தார்கள், அந்த மக்களுக்கு யாருமே இல்லை என்கிறார். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. உன் பாட்டியின் அண்ணனைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனதும் அந்த வருஷம்தான். அவருக்குப் படை எண் இல்லை, கோப்பு இல்லை, அட்டையும் வரவில்லை. அந்த ரயில் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். தாய்லாந்தில் காஞ்சனபுரியிலும் பர்மாவில் தன்பியூசயாட்டிலும் சிப்பாய்களின் கல்லறைகளை வரிசையாக, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் நம் மக்களுக்கும் பெயரெழுதிய ஒரு கல்லாவது இருந்திருக்க வேண்டாமா? எனக்கு மனசு ஆறவில்லை.

இப்போது நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். சம்பந்தியம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, அவர் அப்பாவைப் பற்றிச் சொல்வதையெல்லாம் பதிவு செய்துகொள். சோறு வேகும் வாசனை வந்தால் தாத்தா வெளியே போய் நின்றுவிடுவாராம். சம்பந்தியம்மா இப்படி நிறைய வைத்திருக்கிறார், கேட்க ஆள் வேண்டும். அப்புறம் கிள்ளானில் இருக்கும் உன் பெரியம்மாவிடமும் பேசு. பாட்டியின் அண்ணனுடைய முழுப்பெயரும் தோட்டத்தின் பெயரும் இனி அவருக்குத்தான் தெரியும். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி வை. பேரனுக்கு இரண்டு பேருமே சொந்தம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். 1945 கடிதத்தை மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம், நீயும் பக்கத்தில் இரு.

அன்புடன்,
அம்மா