இரண்டு தரம் மேலே வரும் பிஸ்டன்

வெள்ளவத்தை
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. பதில் போடாததற்குக் கார்தான் காரணம். தண்ணீர் இறைக்கிற மெசினைப் பிரித்துப் பூட்டின பிறகு ஸ்டார்ட் வருகுதில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் அதே கூத்து, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய கொரோலாவை இன்னும் ஏன் கட்டி அழுகிறாய் என்று மனுசி கேட்கிறாள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினவர்கள், காருக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தார்கள். இப்போதைய வரியோடு விலையைக் கேட்டால் பழையதே தங்கம். பம்பலப்பிட்டி நெரிசலில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, முள் சிவப்புக்கு ஏறி, ஹெட் கெஸ்கெட் (எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் அடைப்பு) போய்விட்டது. ஒரு கராஜில் விட்டேன். ஹெட்டை லேத்தில் மட்டம் பிடித்து, புதுக் கெஸ்கெட், புது டைமிங் பெல்ட் எல்லாம் போட்டு முடித்தார்கள். திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இடைக்கிடை உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் மட்டும். விட்டுப்பார்த்தால் சரிவரும் என்று காரை வீட்டு வாசலுக்குக் கட்டி இழுத்துவந்து தந்துவிட்டுப் போனார்கள்.

முதல்நாள் பற்றரியைச் சந்தேகித்தேன். மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது, குறையில்லை. ஹெட்டிலிருந்து கார் பொடிக்குப் போகும் எர்த் வயர் பூட்டாமல் தொங்கியதைக் கண்டபோது 'பிடித்துவிட்டேன்' என்று துள்ளினேன். பூட்டினபின் ஸ்டார்ட்டர் இன்னும் வேகமாகச் சுற்றியதே தவிர வேறு மாற்றம் இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணை பெற்றோல் பம்ப்தான் என்று அடித்துச் சொன்னார். பஞ்சிகாவத்தைக்குப் போய் ரீகண்டிஷன் பம்ப் ஒன்று வாங்கிப் போட்டேன். காசும் ஒரு பகலும் போனதுதான் மிச்சம். பொறி விடுகிற ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் அது பெற்றோலில் நனைந்து கிடந்தது தெரிந்திருக்கும், பம்ப் வேலை செய்கிறது என்று அங்கேயே விளங்கியிருக்கும். புத்தி பிறகுதான் வருகிறது. கழற்றின பிளக்கை வயரோடு எஞ்சின் பொடியில் தொட வைத்துச் சுற்றினால் நீலப் பொறியும் வந்தது. பெற்றோலும் இருக்கு, கரண்டும் இருக்கு, எஞ்சின் மட்டும் பிடிக்காது!

கடைசியில் கொட்டாஞ்சேனையில் முந்திக் கராஜ் வைத்திருந்த ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். கராஜ் பொடியனும் வந்திருந்தான். அவர் பொனெட்டைத் திறக்க முதலே அவனிடம் கேட்டார்: "கழற்றேக்க வயருகளுக்கு அடையாளம் போட்டனியோ?" பொடியன் தலையைச் சொறிந்தான்.

பெல்ட் பக்கத்து முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைப் பெருவிரலால் பொத்தச் சொன்னார். பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்கை ஸ்பேனரால் மெல்லச் சுற்றினார். கிராங்க் முனையில் இருக்கும் புல்லியின் குறி பூச்சியத்துக்கு, அதாவது பிஸ்டன் உச்சிக்கு, வந்தபோது விரலில் ஒன்றுமே தெரியவில்லை. இன்னும் ஒரு முழுச் சுற்று. இந்தத் தரம் காற்று 'புஸ்' என்று விரலைத் தள்ளிவிட்டது. குறி அதே இடத்தில்தான். ஆனால் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள், சுற்றுகிற முனையான ரோட்டர் முதலாம் வயருக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது.

விஷயம் இதுதான். ஒருமுறை எரிய, பிஸ்டன் இரண்டு தரம் மேலே வரும், ஒருக்கால் காற்றையும் பெற்றோலையும் அழுத்த, மற்றத்தரம் எரிந்த புகையை வெளியே தள்ள. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒரு சுற்று. ரோட்டர் கேமோடு போவது, குறி இருப்பதோ கிராங்கில். பொடியன் புகை தள்ளுகிற நேரத்தில் குறியைப் பார்த்துவிட்டு, அப்போது ரோட்டர் பார்த்த இடத்தில் முதலாம் வயரைச் செருகி, மிச்சத்தைப் பொறி விழும் வரிசைப்படி 1-3-4-2 என்று ஒழுங்காகவே போட்டிருக்கிறான். வரிசையில் பிழையில்லை, நாலும் அரை வட்டம் தள்ளி நின்றன. காற்று உள்ளே வரும் வால்வு திறக்கத் தொடங்குகிற நேரம் பொறி விழுந்ததால்தான் அந்த 'டப்'.

நாலு வயரையும் எதிர்எதிர்ப் பக்கத்துக்கு மாற்றி, பிளக்குகளைத் துடைத்துப் பூட்டினார். திறப்பைத் திருப்பினதும் பிடித்துவிட்டது, மச்சான்! மனுசி மேல்மாடியிலிருந்து கை தட்டினாள். பெரியவர் ஒரு பிளேன்டீயோடு போய்விட்டார், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அப்போது உன்னைத்தான் நினைத்தேன். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் உங்கள் பக்கம் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டின காலத்தில், காற்றோடு எரிபொருளைக் கலக்கும் கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு நீ ஸ்டார்ட் எடுக்கிறதைப் பார்த்திருக்கிறேன். நீ இங்கே இருந்திருந்தால் அந்தப் பம்பை வாங்க விட்டிருக்க மாட்டாய்.

உன் மெசினில் இந்த வயர்க் குழப்பம் வர வழியில்லை, ஒரே சிலிண்டர். கார்புரேட்டரைக் கழற்றினாய் என்றால் அதற்குள்ளேயே தேடு. பிரிக்காத பக்கம் இப்போதைக்குக் கை வைக்காதே. மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, லீவுக்கு அங்கே வரவேண்டும் என்று நிற்கிறாள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

முதல் வேலையாகப் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, ஈரமா காய்ந்ததா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி