விற்பவர் துபாயில், கையெழுத்து கடலூரில்: வரி பிடிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரி ரிட்டர்ன் போட 2025 செப்டம்பர் 15 வரை அவகாசம் தந்தார்கள். கடலூர், பண்ருட்டி, பரங்கிப்பேட்டை, புதுச்சேரிப் பக்கம் இந்த நேரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: “தம்பி ஃபாரின்ல இருக்கான், அவனுக்கு இங்க என்ன வரி?” பாதிதான் சரி. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ அவர் வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் இங்குள்ள வீட்டின் வாடகை, வங்கி வட்டி, மனை விற்ற லாபம் ஆகியவற்றுக்கு உண்டு; அதுவும் ஊரில் இருப்பவருக்கு உள்ளதைவிடக் கடுமையான விதிகளோடு. இதில் மாட்டிக்கொள்வது வெளிநாட்டில் இருப்பவர் மட்டுமல்ல. அவரிடம் மனை வாங்கியவரும், அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவரும்கூடத்தான்.

யார் வெளிநாடுவாழ்பவர் என்பதைப் பாஸ்போர்ட்டோ விசாவோ முடிவு செய்வதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை இந்தியாவில் எத்தனை நாள் தங்கினார் என்பதே கணக்கு. வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊருக்கு வந்துபோகும் இந்தியக் குடிமகன் 182 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் அந்த ஆண்டுக்கு அவர் வெளிநாடுவாழ்பவர், அதாவது என்.ஆர்.ஐ. அவருடைய இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் மட்டும் இந்த 182 என்பது 120 ஆகக் குறையும். அப்போது முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கே தங்கியிருக்கிறாரா என்பதையும் பார்ப்பார்கள். விமானம் இறங்கிய நாள், ஏறிய நாள் இரண்டையும் சேர்த்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. கப்பலில் வேலை செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. பன்னாட்டுப் பயணமாக இருந்தால், கப்பல் பணியாளருக்கான சி.டி.சி. புத்தகத்தில் கப்பலில் சேர்ந்ததாகப் பதிவான தேதி முதல் இறங்கியதாகப் பதிவான தேதி வரையுள்ள காலம் இந்தியாவில் தங்கியதாகக் கருதப்படாது. அதனால் அந்தப் பக்கங்களை நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வரியே இல்லாத நாட்டில் இருக்கும் இந்தியரை இந்தியாவில் வசிப்பவராகக் கருதும் விதி 2020-21 முதல் இருக்கிறது. இதை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு வளைகுடாக் குடும்பங்கள் பயப்படுவது தேவையற்றது. இந்தியாவில் கிடைக்கும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்த விதி பொருந்தும். அப்போதும் அவர் ‘ஆர்.என்.ஓ.ஆர்.’ என்ற இடைநிலையில்தான் வருவார். அங்கே வாங்கும் சம்பளத்தை இந்தியா தொடாது.

இனி, யார் ரிட்டர்ன் போட வேண்டும்? 2024-25 ஆண்டின் இந்திய வருமானம் புதிய வரி முறையில் 3 லட்சத்தையோ பழைய வரி முறையில் 2.5 லட்சத்தையோ தாண்டினால் கட்டாயம். 80-சி போன்ற கழிவுகளையும், மனை விற்ற லாபத்தில் பெறும் விலக்குகளையும் கழிக்கும் முன் உள்ள தொகையைத்தான் பார்க்க வேண்டும். வருமானம் அதற்குக் கீழே இருந்தாலும், ஆண்டில் பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடித்த வரி (டி.டி.எஸ்.) 25,000 ரூபாயைத் தொட்டாலோ, சேமிப்புக் கணக்குகளில் போட்ட தொகை மொத்தம் 50 லட்சத்தைத் தொட்டாலோ ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்த தவறு படிவத்தில். பிரவுசிங் சென்டரில் பழக்கதோஷத்தில் ஐ.டி.ஆர்.-1 போட்டுவிடுகிறார்கள். அது இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமான படிவம். வெளிநாடுவாழ்பவருக்கு ஐ.டி.ஆர்.-2, வியாபார வருமானம் இருந்தால் ஐ.டி.ஆர்.-3. படிவம் மாறினால் கணக்கும் மாறுகிறது. 2024-25 ஆண்டுக்கு ஊரில் இருப்பவருக்குப் புதிய முறையில் 7 லட்சம் வரை உள்ள 87-ஏ வரித் தள்ளுபடி என்.ஆர்.ஐ.க்குக் கிடையாது. அந்த ஆண்டுக்குப் புதிய முறையில், கழிவு போக 6 லட்சம் வாடகை வருமானம் உள்ள ஒருவர் வரிமேல் வரியான செஸ் சேர்த்து 15,600 ரூபாய் கட்ட வேண்டும், ஐ.டி.ஆர்.-1 போட்டால் திரையில் பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பியவருக்குப் பின்னால் வட்டியோடு நோட்டீஸ் வரும். 60 வயது தாண்டியவருக்குப் பழைய முறையில் உள்ள கூடுதல் வரம்பும் என்.ஆர்.ஐ.க்குப் பொருந்தாது.

வங்கிக் கணக்கு விஷயம் சுருக்கமானது. வேலைக்குப் போனதும் பழைய சேமிப்புக் கணக்கை, இங்குள்ள வருமானத்தைப் போடுவதற்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அப்படியே விட்டுவைப்பது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு. வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பிப் போடும் என்.ஆர்.இ. கணக்கு வட்டிக்கு வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 31.2 சதவீதம் பிடிப்பார்கள். அமீரகத்தில் இருப்பவர் இதை இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 12.5 சதவீதமாகவும், சிங்கப்பூரில் இருப்பவர் 15 சதவீதமாகவும் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு அந்த நாட்டு வரித்துறை தரும் வசிப்பிடச் சான்றும், நம் வருமான வரித் தளத்தில் பதியும் 10-எஃப் படிவமும் வங்கிக்குப் போக வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் நல்லது. பிடித்த பிறகு கொடுத்தால் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்பப் பெற முடியும்.

வாடகைக்கு வருவோம். லாஸ்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ ஒரு வீடு, மாத வாடகை 15,000. வீட்டுக்காரர் ஊரில் இருப்பவர் என்றால் குடும்பத்தோடு குடியிருப்பவர் எதையும் பிடிக்கத் தேவையில்லை. வீட்டுக்காரர் என்.ஆர்.ஐ. என்றால் வரம்பே இல்லை: ஒவ்வொரு மாதமும் 31.2 சதவீதம் பிடித்து, வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்கி, அரசுக்குக் கட்டி, பிடித்த வரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27-க்யூ கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டு வாடகை 1,80,000. அதில் பிடிப்பு 56,160. வீட்டுக்காரருடைய உண்மையான வருமானமோ, 30 சதவீதக் கழிவு போக 1,26,000 தான்; அவர் கட்டிய சொத்து வரியை முதலிலேயே கழித்தால் இன்னும் குறையும். வேறு வருமானம் இல்லையென்றால் வரி எதுவும் இல்லை, 56,160 முழுவதும் திரும்ப வரும். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும். பிடிப்பு 25,000ஐத் தாண்டியதால் ரிட்டர்ன் போடுவதும் கட்டாயம். குடியிருப்பவர் தலையில் இத்தனை வேலையைச் சுமத்தும் இந்த விதி நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. 15,000 ரூபாய் வாடகை கொடுப்பவர் டான் எண்ணுக்கு எங்கே போவார்? ஆனாலும் பிடிக்காமல் விட்டால் பொறுப்பு அவருடையதுதான்.

பெரிய இழப்பு மனை, வீடு விற்பனையில்தான் நடக்கிறது. விற்பவர் துபாயில் இருப்பார். பவர் பத்திரம் வாங்கிய அண்ணன் பத்திர ஆபீசில் வந்து கையெழுத்துப் போடுவார். எதிரில் நிற்பவர் உள்ளூர்க்காரர் என்பதால், வாங்குபவரும் உள்ளூர் விற்பனை போலவே நடந்துகொள்வார். 50 லட்சத்துக்குக் கீழே என்றால் எதுவும் பிடிக்க மாட்டார். மேலே போனால் 26-க்யூபி படிவத்தில் 1 சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார். இரண்டுமே தவறு. பவர் வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை வரிச் சட்டம் பார்ப்பதில்லை. சொத்துக்குச் சொந்தக்காரர் எங்கே வசிக்கிறார் என்பதையே பார்க்கிறது. அவர் என்.ஆர்.ஐ. என்றால் 10 லட்ச ரூபாய் மனையானாலும் பிடிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் சேர்த்து 13. தொகை 50 லட்சத்தைத் தாண்டினால் கூடுதல் வரியும் சேர்ந்து 14.3, ஒரு கோடியைத் தாண்டினால் 14.95. இரண்டு ஆண்டுக்குள் விற்றால் குறைந்தது 31.2.

கிரயத்தன்று மொத்தமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் கூடாது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே அந்தத் தொகைக்குப் பிடிக்க வேண்டும். அதற்கு அக்ரிமென்ட் போடும் முன்பே வாங்குபவர் 49-பி படிவத்தில் டான் எண் வாங்கியிருக்க வேண்டும். பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். பிறகு 27-க்யூ, அதன்பின் விற்றவருக்கு, வரி பிடித்ததற்கான 16-ஏ சான்று. 27-க்யூ தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். பிடிக்காத தொகைக்கு மாதம் 1 சதவீத வட்டி, பிடித்துக் கட்டாமல் விட்டதற்கு 1.5 சதவீதம். இவையெல்லாம் வாங்கியவர் மேல்தான் விழும்.

விற்பவர் பக்கம் பார்ப்போம். 2016இல் 28 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை இப்போது 40 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 12 லட்சம், வரி செஸ்ஸோடு 1,56,000. ஆனால் வாங்குபவர் முழுத் தொகையான 40 லட்சத்துக்குப் பிடித்தால் 5,20,000 போய்விடும். மீதி 3,64,000 ரிட்டர்ன் போட்டுத் திரும்பி வரும்வரை அரசிடம் கிடக்கும். இதற்கு வழி இருக்கிறது. விற்பதற்கு முன் படிவம் 13இல் விண்ணப்பித்துக் குறைந்த பிடிப்புச் சான்று வாங்கினால், வாங்குபவர் அதில் சொன்ன அளவு மட்டும் பிடித்தால் போதும். விண்ணப்பம் ஆன்லைனில், முடிவு செய்பவர் சென்னையில் உள்ள சர்வதேச வரிவிதிப்புப் பிரிவு அதிகாரி. பான் எண் இன்னும் வருமான வரித்துறையின் பழைய உள்ளூர் வார்டிலேயே கிடந்தால் முதலில் அந்தப் பிரிவுக்கு மாற்றக் கேட்க வேண்டும். இங்கேதான் வாரக்கணக்கில் நாள் போகிறது. எனவே அக்ரிமென்டில் கிரயத் தேதியை நெருக்கமாக வைக்காதீர்கள்.

லாபக் கணக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்தை அதன்பின் விற்றால், ஊரில் இருப்பவர் விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம், சேர்க்காமல் 12.5 சதவீதம் இவற்றில் எது குறைவோ அதைக் கட்டலாம். என்.ஆர்.ஐ.க்கு இந்தத் தேர்வு இல்லை. வேறு வருமானமே இல்லாவிட்டாலும் வரியில்லாத அடிப்படை வரம்பை இந்த லாபத்தில் கழிக்கவும் முடியாது. இன்னொரு வீடு வாங்கினால் கிடைக்கும் 54ஆம் பிரிவு விலக்கும், ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை இதற்கென உள்ள கடன் பத்திரங்களில் போட்டால் கிடைக்கும் 54-ஈசி விலக்கும் அவருக்கும் உண்டு. தாத்தா காலத்துச் சொத்து என்றால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளலாம். ஆனால் அன்றைய கைடுலைன் மதிப்பைத் தாண்டக் கூடாது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு போன்ற விவசாய நிலமாக இருந்து, நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் போதிய தொலைவு தள்ளியிருந்தால் லாபத்துக்கு வரியே இல்லை. 10,000க்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள ஊருக்கு 2 கிலோமீட்டர். அதற்கு மேல் 10 லட்சம் வரை 6 கிலோமீட்டர்.

1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததையொட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரிக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரெஞ்சுக் குடிமகனும் இந்திய வரிக்கு நாள் கணக்கால்தான் அளக்கப்படுகிறார். பிரான்ஸில் வசித்துக்கொண்டு புதுச்சேரி வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். அதோடு அங்கே அந்த வாடகையை 2047 படிவத்தில் காட்ட வேண்டும். இந்திய வங்கிக் கணக்கை 3916 படிவத்தில் காட்டாமல் விட்டால் கணக்கு ஒன்றுக்கு 1,500 யூரோ அபராதம். இதற்கு நேர்மாறு அமெரிக்கா. அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர் கடலூரில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டாலும், வருமானம் அங்குள்ள வரம்பைத் தாண்டினால் ஆண்டுதோறும் அங்கே ரிட்டர்ன் போட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அந்தக் கணக்குகளையும் தனியாக அறிவிக்க வேண்டும். அங்கே பிறந்து, பெற்றோரோடு இங்கே திரும்பிய பிள்ளைகளுக்கும் இதேதான்.

ரிட்டர்ன் போட்டால் மட்டும் வேலை முடிவதில்லை. 30 நாளுக்குள் சரிபார்க்கவும் வேண்டும். ஆதாரில் உள்ள இந்திய சிம் காலாவதியாகியிருந்தால் ஓ.டி.பி. வராது. நெட் பேங்கிங் வழியாக உள்ளே போய்ச் சரிபார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஒப்புகைப் படிவத்தில் மையால் கையெழுத்திட்டு, அதே 30 நாளுக்குள் பெங்களூரு மையத்துக்குச் சேரும்படி அனுப்பலாம். பான்-ஆதார் இணைப்பிலிருந்து என்.ஆர்.ஐ.க்கு விலக்கு உண்டு; ஆனால் வரித் தளத்தில் அவர் இன்னும் உள்ளூர்வாசியாகப் பதிவாகியிருந்தால் பான் செயலிழந்து நிற்கும், ரீஃபண்டும் நிற்கும்.

2025 செப்டம்பர் 15ஐத் தவறவிட்டால் அதே ஆண்டு டிசம்பர் 31 தான் கடைசி நாள். தாமதக் கட்டணம் 5,000. வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. அதற்குப் பின் நான்கு ஆண்டு வரை ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ போடலாம் என்கிறார்களே என்று இருந்துவிடாதீர்கள். அது கூடுதல் வரி கட்டுவதற்கு மட்டும், அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தாலும் 2024-25 ஆண்டுக் கணக்குக்குப் பழைய சட்டம்தான்; இங்கே சொன்ன பிரிவு, படிவ எண்களும் அதன்படிதான்.

தமிழக, புதுச்சேரி அரசுகளின் பதிவுத் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். பவர் பத்திரம் மூலம் நடக்கும் ஒவ்வொரு கிரயத்திலும், சொத்தின் உரிமையாளர் வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ்பவரா என்ற ஒரு கேள்வியைச் சேர்த்து, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கட்டும். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டுமென்றால், அதுவரை பத்திர ஆபீஸ் சுவரில் தமிழில் ஒரு அறிவிப்பாவது ஒட்டட்டும்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.
ஆகஸ்ட் 2025