நம் தோட்டத்து மரண அறிவித்தல்கள்

ஹட்டன்

அன்பு நண்பனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கோத்தகிரிக் குளிரில் நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் எதிர் லயத்து வரிசை வீட்டில் இருந்த அக்கா போன கிழமை காலமாகிவிட்டார். ஆயுசு முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். விடியும்போதே சாவுக்கு அடிக்கிற தப்பு மேளச் சத்தம் கேட்டது, தோட்டத்தின் மேல் டிவிசன் வரைக்கும் சேதி போய்விட்டது. பெட்டிச் செலவையும் தேத்தண்ணிச் செலவையும் மரணாதாரச் சங்கம் பார்த்துக்கொண்டது. ஆனால் பேப்பரில் ஒரு வரி வரவில்லை. அறிவித்தல் போடுகிற காசு மகனிடம் இல்லை. அதுதான் மனதை அறுக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும், மரண அறிவித்தல் நேரம் வந்தால் அப்பா வானொலியைச் சத்தமாக வைப்பார். அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், மாமனாரும் என்று வாசிக்க வாசிக்க, யாருடைய மகள் எந்தத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டாள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் பேசி முடித்தன. அண்ணன் இங்கே, தம்பி நீலகிரியில் என்று வீடுகள் பிரிந்தன. 1984இல் ராமேஸ்வரம் போகிற தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அப்புறம் இந்தப் பக்கத்துச் சாவு அந்தப் பக்கம் தெரிவதே பெரும்பாடாகிவிட்டது.

வீரகேசரிப் பத்திரிகை 1930இலிருந்து வருகிறது. நம் மலைச் செய்திகளைக் கொழும்பு வரை கொண்டுபோனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. என்றாலும் மரண அறிவித்தல் பக்கத்தில் வாத்தியார்மாரையும் கடைக்காரர்களையும் பார்க்கிற அளவுக்குக் கொழுந்து பறித்தவர்களை நான் பார்த்ததில்லை. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, உள்ளே எத்தனை பேர் என்று நாளுக்கொரு எண் சொன்னார்கள். எண்களைக் கேட்ட அளவுக்கு நாம் பெயர்களைக் கேட்கவில்லை.

மலையகத்துக்கென்று வருகிற எந்தப் பத்திரிகையும் கிழமைக்கு அரைப் பக்கம் இலவசமாக ஒதுக்க வேண்டும். பெயர், தோட்டம், டிவிசன், தாய் தகப்பன், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், அவ்வளவு போதும். தோட்டத் தலைவர் எழுதிக் கொடுக்கலாம். ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் பேசினேன், யோசிப்பதாகச் சொன்னார். விடமாட்டேன், திரும்பவும் போவேன்.

நீயும் ஒரு உதவி செய். கப்பலேறிப் போன நம் தோட்டத்து ஆட்களில் அங்கே இறந்தவர்களின் பெயர்களை எழுதி அனுப்பு. டேன்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் விசாரித்தால் சொல்வார்கள். அக்காவின் தங்கை கூடலூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. கருமாதி வருகிற ஞாயிறு. அதற்குள் நேரில் போய்ச் சொல்லிவிடு. போனில் வேண்டாம், வயசான மனுசி.

அன்புடன்,
உன் பழைய தோழன்